நீ அடிக்கோடிட்ட வரி

அன்புள்ள நவாஸுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்க எனக்கு மனமில்லை. நீ நலமாக இருப்பது ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோவாகவே வந்துவிட்டது. நான் எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்டு வெகுகாலம் ஆகிறது, ஆகவே அதைச் சொல்லி உன்னைச் சிரமப்படுத்தப் போவதில்லை. துபாய் தேராவில் கடை இருக்கிறது, கடைக்குள் நான் இருக்கிறேன். அது போதும்.

நீ அனுப்பிய பார்சல் வந்தது. லண்டன் முத்திரையைப் பார்த்ததும் கல்யாணப் பத்திரிகை என்று நினைத்து, கத்தரிக்கோலை எடுத்துப் பதமாகத்தான் வெட்டினேன். உள்ளே, நீ கட்டப் போகிற நம் கீழ்மாடி ஹாவா எழுதிய நாவல் இருந்தது. அட்டையில் ஒரு துணிக்கடை, அடுக்கிய துணிச்சுருள்களுக்கு நடுவே ஒரு கெஜக்கோல். ஒரு பக்கத்தில் மஞ்சள் காகிதம் ஒட்டியிருந்தாய். அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரிக்குக் கீழே சிவப்புப் பேனாவால் கோடு. துணிக்கடைக்காரன் ஒருவன், தன் மகனை விரும்பிய ஆப்பிரிக்கப் பெண்ணைப் பற்றி அவளுடைய தாயிடம் சொல்கிற வரி. "காப்பிரிப் பிள்ளையை யார் கட்டுவார்கள்?" முழுப் புத்தகமும் ஆங்கிலம், ஆப்பிரிக்கர்களை நாம் இளக்காரமாகச் சொல்லும் அந்தக் காப்பிரி என்ற சொல் மட்டும் நம் சொல்லாகவே, சாய்ந்த எழுத்தில் இருந்தது. ஓரத்தில் உன் கையெழுத்தில், 'இது நீங்கள்தானே?' என்று கேட்டிருந்தாய்.

அன்று மாலையே உன் வாய்ஸ் மெசேஜும் வந்தது. "வாப்பா, நிக்காஹ்வுக்கு வாங்க. ஆனா அதுக்கு முன்னாடி, எல்லாரும் இருக்கும்போது, ஹாவாகிட்ட நீங்க சொன்னதுக்கு ஒரு சாரி சொல்லணும். முடியாதுன்னா பரவால்ல, உம்மாவை மட்டும் அனுப்பி வைங்க." நீ பேசிய தோரணையில் எங்கேயோ சரக்குக்கு ரிட்டர்ன் போடுகிற கஸ்டமரின் குரல் இருந்தது. நான் பதில் அனுப்பவில்லை என்று உன் உம்மாவிடம் குறைப்பட்டிருக்கிறாய். இதுதான் பதில். கொஞ்சம் நீளமாக இருக்கும். நூற்றுக்கணக்கான பக்கம் அவளுக்காகப் படித்தாய், சில பக்கம் எனக்காகவும் படி.

முதலில் புத்தகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் படிக்காமலே கோபப்படுவேன் என்று நீ எதிர்பார்த்திருப்பாய். முழுதும் படித்தேன். போனில் அகராதியைத் திறந்துவைத்துக்கொண்டு, கடையில் ஆள் இல்லாத மதிய நேரங்களில் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாள். புதுத் துணிப் பேலை அறுத்ததும் வருமே ஒரு மாவு வாசனை, மூக்கில் ஏறித் தும்மல் வரும், அதை எழுதியிருக்கிறாள். நம் கட்டிடத்தின் லிஃப்ட் பழுதாகிக் கிடந்ததையும், ஏசித் தண்ணீர் சொட்டுகிற வாளியை யார் எடுத்து ஊற்றுவது என்று நடந்த சண்டையையும், அப்ராப் படகில் க்ரீக்கைக் கடக்கும்போது அவளுடைய தாய் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வதையும் எழுதியிருக்கிறாள். எல்லாம் சரி. கடைக்காரனுக்கு மட்டும் தொந்தியும் தங்கப்பல்லும் வைத்திருக்கிறாள். எனக்குத் தொந்தி கிடையாது, பல்லில் தங்கம் வைக்கிற அளவுக்கு வசதியும் வந்ததில்லை. வில்லன் என்றால் ஒரு பல்லாவது மின்ன வேண்டும் போலிருக்கிறது.

இன்னொன்றும் எழுதியிருக்கிறாள். கடைக்காரன் மனைவி அந்தச் சிறுமிக்கு இடியாப்பமும் கறியும் பாசமாகப் போடுவாள், ஆனால் அவள் சாப்பிட்ட தட்டை மட்டும் தனியாகக் கழுவி ஜன்னலோரம் கவிழ்த்து வைப்பாள் என்று. அது உண்மை. உன் உம்மா அப்படித்தான் செய்தாள். நான் பார்த்தேன், நீயும் பார்த்தாய். அந்த வரிக்குக் கீழே நீ கோடு போடவில்லை. உம்மாவை மன்னிப்புக் கேட்கச் சொல்லவும் இல்லை. உனக்கு உம்மா வேண்டும், வாப்பா வேண்டாம், ஆகவே உன் பேனா அதைத் தாண்டிப் போய்விட்டது. நான் குற்றம் சொல்லவில்லை. உன் பேனா எப்படி ஓடுகிறது என்பதைப் பார்த்தேன் என்று சொல்கிறேன்.

நீ அந்தப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்து, 'இதில் வருகிற கடைக்காரர் என் தந்தை, நான் வெட்கப்படுகிறேன்' என்று நெட்டில் போட்டாயே, அது இங்கே வராது என்று நினைத்தாயா? நம் ஆட்கள் புத்தகம் படிக்க மாட்டார்கள், ஆனால் அடுத்தவன் வீட்டுப் புத்தகம் என்றால் வரி விடாமல் படிப்பார்கள். கீழக்கரையில் கல்யாண வீட்டு சஹனில், ஒரே தாலத்தில் கூடிச் சாப்பிடும் நாலு பேரும் என்னைப் பற்றித்தான் பேசினார்களாம். பக்கத்துக் கடை மலையாளி ஒரு நாள் டீயோடு வந்து, "பாய், அது நிங்ஙளாணோ?" என்று குசுகுசுத்தார். என்னிடம் வழக்கமாகச் சரக்கெடுக்கும் மொம்பாசாப் பையன் ஒருவன் லேஸ் துணியைத் தடவிக்கொண்டே என் வாயைப் பார்த்தான். தங்கப்பல்லைத் தேடுகிறான் என்று புரிந்து நான் வாயைத் திறக்கவே இல்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். என் வாயை மூட உன் ஒரு போட்டோ போதுமானதாக இருந்தது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். ஹாவாவின் தாய் ரெஹேமாவை உனக்குக் கீழ்மாடி ஆன்ட்டியாகத் தெரியும். எனக்கு அவர் முதலில் கஸ்டமர். புருஷன் துணையில்லாமல், ஒரு சின்ன மகளோடு மொம்பாசாவிலிருந்து வந்து, தேராவில் துணி வாங்கி ஊருக்கு அனுப்பிப் பிழைத்தவர். அவர் கடைக்குள் வந்தால் நான் சேல்ஸ்மேனிடம் தமிழில் சொல்வேன், "இருபது சொல்லு, பதினெட்டுக்கு விடு" என்று. நைஃப் கடைத்தெருவில் நம் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான். பெட்டிக்குப் பூட்டு வேண்டும், பேச்சுக்குத் தமிழே பூட்டு என்று நமக்கு ஒரு நம்பிக்கை. அரபிக்குப் புரியாது, ஆப்பிரிக்காக்காரனுக்குப் புரியாது, ஈரானிக்குப் புரியாது. எதிரே நிற்கிற ஆளின் நிறத்தையும் உடம்பையும் கஞ்சத்தனத்தையும் அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தபடியே பேசுவோம். ரெஹேமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "பாய், லாஸ்ட் பிரைஸ் போலோ" என்று பதினேழில் ஆரம்பிப்பார். எங்கே போனாலும் அடிமட்ட விலையை எப்படித்தான் பிடிக்கிறாரோ, இந்தப் பெண்ணிடம் ஜின் இருக்கிறது என்று நான் சேல்ஸ்மேனிடம் சொல்லியிருக்கிறேன். அதையும் அவர் முன்னால்தான் சொன்னேன்.

நீயும் ஹாவாவும் ஒரே பள்ளிக்கூடம். அவள் தாய் மார்க்கெட்டில் அலைகிற நேரமெல்லாம் அவள் நம் வீட்டில் இருப்பாள், உன் பாடப் புத்தகத்தையும் சேர்த்துப் படித்துவிடுவாள். பிறகு இருவரும் காலேஜ் போனீர்கள். உன் போனில் ஒரு போட்டோவைப் பார்த்துவிட்டு உன் உம்மா சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். "ஊர்ல எப்படிங்க மொகத்தைக் காட்டுறது? நாளைக்கு பேரப்புள்ளைங்க எப்படிப் பொறக்கும்னு நெனச்சுப் பாத்தீகளா?" என்றாள். எனக்கும் ஆத்திரம்தான். பள்ளிவாசலில் யாரோடும் தோளோடு தோள் நிற்போம், அதே ஆளோடு சம்பந்தம் என்றதும் நமக்குத் தோள் சுளுக்கிக்கொள்ளும். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான், வானத்திலிருந்து குதித்தவன் இல்லை. ஆனால் நீ வந்து, என் முன்னால் நின்று, தலையைக் குனியாமல், "வாப்பா, எனக்கு அவளைத்தான் கட்டணும்" என்றாய். உன் குரல் நடுங்கியது, இருந்தும் சொன்னாய். எனக்கு அது பிடித்திருந்தது. உனக்குச் சொல்லவில்லை, பிடித்திருந்தது.

ஆகவே நான் பெண் கேட்கப் போனேன். வாப்பா மறுத்தார் என்றே இத்தனை காலம் நம்பிக்கொண்டிருக்கிறாய், அவளும் அதையே நாவலாக எழுதிவிட்டாள். திரும்பவும் சொல்கிறேன், நான் பெண் கேட்கப் போனேன். உன் உம்மாவுக்குத் தெரியாமல், ஊரிலிருந்து வந்திருந்த தொதல் அல்வா டப்பாவை எடுத்துக்கொண்டு, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து கீழ்மாடிக்கு இறங்கிப் போய் அவர்கள் கதவைத் தட்டினேன். முழு மனதோடு போனேன் என்று பொய் சொல்ல மாட்டேன். படியிறங்கும்போது, அவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் எவ்வளவு நிம்மதி என்றும் ஒரு பக்கம் நினைத்தேன். பாதி மனதோடு போனேன். ஆனாலும் போனேன். பாதி மனதோடு நடந்த காலும் நடந்த கால்தான்.

ஹாவா வீட்டில் இல்லை. ரெஹேமா கதவைத் திறந்து வைத்துவிட்டு, "ஆயியே பாய், பைட்டியே" என்றார். நான் ஹிந்தியில் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தேன். சம்பந்தம் பேசுகிற ஹிந்தி எனக்கு வராது. எனக்குத் தெரிந்ததெல்லாம் மீட்டர், கலர், டெலிவரி. அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"காக்கா, தமிழ்லயே பேசுங்க. உங்களுக்கும் லேசு, எனக்கும் லேசு."

அண்ணனை நம் ஊரில் கூப்பிடுகிற மாதிரியே காக்கா என்றார். மடியிலிருந்த டப்பா நழுவியது. பிடித்துக்கொண்டேன்.

"எங்க லாத்தா படிச்சீங்க?" என்றேன். எனக்கும் அக்காவைக் கூப்பிடுகிற நம் சொல்தான் வாயில் வந்தது.

"உங்க கடையிலதான். வருசக்கணக்கா என்னை முன்னால வச்சுக்கிட்டே பேசுதீக. எங் காது என்ன கல்லா?" என்று சிரித்தார். "ஜின்னு இல்ல காக்கா. காதுதான்."

என்னென்ன பேசியிருப்பேன் என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அவர் அதை ஒன்றும் கேட்கவில்லை. நான் வந்த காரியத்தைச் சொன்னேன். என் மகனுக்கு உங்கள் மகளைக் கேட்டு வந்திருக்கிறேன் என்றேன். அவர் முந்தானை போலப் போட்டிருந்த துணியின் நுனியைக் கையில் சுருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "வேணாம் காக்கா" என்றார். ஏன் என்று கேட்டேன். காரணத்தைச் சொன்னார். அந்தக் காரணத்தை நான் இங்கே எழுதவில்லை. கடைசியில் எழுதுகிறேன். நல்ல சரக்கை அடியில் வைப்பது எங்கள் கடை வழக்கம், அது உனக்குத் தெரியும்.

காரணத்தைக் கேட்டதும் நான் எழுந்தேன். அவர் உட்காரச் சொன்னார்.

"நீங்க வந்து கேட்டீக. அதை நான் மறக்க மாட்டேன். ஆனா நாந்தான் வேணாம்னு சொன்னேன்னு எம் மவளுக்குத் தெரிஞ்சா என்னை விட்டுட்டுப் போயிருவா. இந்த ஊர்ல எனக்கு வேற யாரு இருக்கா? நீங்க வேணாம்னு சொன்னதா இருக்கட்டும். அவளுக்கு ரோசம் வரும். அந்த ரோசத்துல படிச்சு மேல போயிருவா."

"என் மவன் கேட்டா நான் என்ன சொல்ல?"

"அதையேதான். நான் சொன்ன காரணத்தை அவன்கிட்டச் சொல்லாதீக. சின்னப் பையன், தாங்க மாட்டான்."

கவனி. உன்னை மருமகனாக வேண்டாம் என்று சொன்ன அதே வாய், உன்னைக் காப்பாற்றச் சொல்லி என்னிடம் கேட்டது. ஆண் வியாபாரிகளோடு நாங்கள் கைகொடுத்து வியாபாரத்தை முடிப்போம். பெண்களோடு அப்படிச் செய்வதில்லை, இருவரும் துணிப் பேலின் மேல் உள்ளங்கையை வைத்து, "கலாஸ்" என்போம். அதற்குப் பிறகு விலை மாறாது, பேச்சு மாறாது. ரெஹேமா தொதல் டப்பாவின் மூடி மேல் கையை வைத்தார். நான் மறு ஓரத்தில் வைத்தேன். அவர் மகளிடம் அவர் சொல்வது, என் மகனிடம் நான் சொல்வது, உண்மையை இருவரும் சொல்லாமல் இருப்பது. கலாஸ் என்றோம். படியேறும்போது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கடிதமும் அந்த நாவல் மாதிரி ஆகிவிடும்.

உன்னிடம் வந்து, "அது சரிப்படாது" என்றேன். ஏன் என்றாய். "நான் சொல்றேன், அதான் ஏன்" என்றேன். நீ என்னை ஏற இறங்கப் பார்த்து, "அப்புறம் எதுக்கு வாப்பா அஞ்சு வேளை தொழுறீங்க?" என்றாய். உன் உம்மா உள்ளே அல்ஹம்துலில்லாஹ் சொன்னது எனக்குக் கேட்டது. அன்றைக்கு நீ என்னிடம் நிறுத்திய பேச்சு நிறுத்தியதுதான். ஹாவா அவளுடைய சித்தி முறையான சாச்சி வீட்டுக்கு லண்டன் போனாள். நீயும் பின்னால் வேலை தேடி அங்கே போனாய். பெருநாளைக்கு உம்மாவுக்குப் போன் போடுவாய். அவள் நீட்டுகிற போனை நான் வாங்குவதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடும். பெருநாள் அன்றும் மீட்டிங் வைக்கிற கம்பெனி உன்னுடையது ஒன்றுதான்.

ரெஹேமா ஊருக்கே திரும்பிவிட்ட பிறகு, ஒரு நாள் மொம்பாசாவிலிருந்து எனக்குப் போன் செய்தார். மூச்சு வாங்கியது, உடம்பு சரியில்லை என்று தெரிந்தது. "எம் மவ புக்கு எழுதுதா காக்கா. உங்களைத்தான் எழுதுதா. உங்க பேரு கெட்டுப் போகும். உண்மையைச் சொல்லிரட்டா?" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எழுதட்டும் லாத்தா. புக்குதானே, யாரு படிக்கப் போறா?" என்று சிரித்தேன். வியாபாரத்தில் எத்தனையோ கணக்குத் தப்பியிருக்கிறது, இப்படி ஒரு கணக்கு தப்பியதில்லை. கொஞ்ச நாளில் அவர் மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார். புத்தகத்தின் முதல் பக்கத்தில், 'யாரும் என்னை அளக்க விடாத என் தாய்க்கு' என்று சமர்ப்பணம் போட்டிருக்கிறாள் ஹாவா. அது சரியான வாசகம். எப்படிச் சரி என்பது அவளுக்குத் தெரியாது.

எனக்கு வருத்தம் புத்தகத்தின் மேல் இல்லை. தாய் சொன்னதை மகள் நம்பினாள், நம்பியதை எழுதினாள். கசப்பு வேறிடத்தில். அவள் ஷார்ஜா புத்தகக் கண்காட்சிக்கு வந்தாள், மேடையில் பேசினாள், என் கடையைப் பற்றித்தான் பேசினாள். அங்கிருந்து தேராவுக்கு ஒரு டாக்ஸி. வந்து, "அங்கிள், நீங்க இப்படிச் சொன்னீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ அவள் வாசிப்புக் கூட்டத்தில் வரிசையில் நின்று, யார் பெயருக்குக் கையெழுத்துப் போட என்று அவள் நிமிராமலே கேட்டதற்கு, 'கெஜக்கோல்காரர் மகன்' என்று சொன்னாயாம். அதிலிருந்துதான் எல்லாம் மறுபடி துளிர்த்ததாம். அழகான காட்சி, அடுத்த நாவலில் வரும். நீயும் கேட்கவில்லை. ஓரத்தில் 'இது நீங்கள்தானே?' என்று எழுதினாய், அதற்குப் பெயர் கேள்வி இல்லை. படித்த பிள்ளைகள் இரண்டு பேர், உலகம் முழுக்க நியாயம் பேசுகிறவர்கள், பக்கத்தில் இருக்கிற ஒரு கிழவனிடம் நடந்தது என்ன என்று கேட்கத் தோன்றவில்லை. கல்யாணம் பண்ணப் போகிறாய், ஆகவே ஒரு புத்தி சொல்கிறேன். வீட்டில் எது கெட்டாலும் முதலில் கேள், பிறகு கோடு போடு.

இப்போது அடியில் வைத்த சரக்கு. ரெஹேமா எனக்குச் சொன்ன காரணம்.

காலேஜ் லீவில் நீ கடையில் உட்காருவாய். ஊரிலிருந்து விசிட்டில் வந்திருந்த உன் சாச்சா மகன், என் தம்பி பிள்ளை, பேல் மேல் ஏறி உட்கார்ந்து உன்னோடு அரட்டை அடித்துக்கொண்டிருந்த ஒரு மதியம். நான் லுஹர் தொழுகைக்குப் போயிருந்தேன். எதிரே ரெஹேமா லேஸ் துணி பார்த்துக்கொண்டிருந்தார். "என்னா மாப்ள, கீழ்வீட்டுப் புள்ளையோட சுத்துறியாமே, கல்யாணமா?" என்று அவன் கேட்டான். அவன் ஊரில் போய் உளறிவிடுவான் என்று பயந்தாயோ, அவன் முன்னால் மானம் போகும் என்று நினைத்தாயோ, எனக்குத் தெரியாது. நீ சிரித்தாய். "போடா, சும்மா டைம்பாஸ்டா. காப்பிரிப் புள்ளையை யாரு கட்டுவா?" என்றாய். உன் கைக்கும் அந்தத் தாய் கைக்கும் நடுவே ஒரு துணிச்சுருள்தான் இருந்தது. அவர் அந்த லேஸை மடித்துக் கொடுத்து, காசைக் கொடுத்து, உன்னிடம் ஷுக்ரன் என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார். நான் தொழுதுவிட்டு வந்ததும் சேல்ஸ்மேன் சந்தோஷமாகச் சொன்னான், "இன்னைக்கு லாத்தா வெலையே பேசல முதலாளி." எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அவர் அதை எனக்குச் சொன்னபோது உன் சிரிப்போடு சேர்த்துச் சொன்னார். அந்தச் சிரிப்பைப் பெற்றவன் நான், எனக்குத் தெரியும். இருந்தும் மனசு கேட்காமல் உன் சாச்சா மகனுக்குப் போன் போட்டு, பட்டும் படாமலும் கேட்டேன். "ஆமா பெரியவாப்பா, சும்மா வெளையாட்டுக்குச் சொன்னான், ரெண்டு பேரும் சிரிச்சோம்" என்றான். உனக்கு ஞாபகம் இருக்காது. சொன்னவனுக்கு மறந்துவிடும். "அவன் கெட்ட பையன் இல்ல காக்கா," என்றார் ரெஹேமா. "ஆனா எம் மவளை நாலு பேர் முன்னால கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவ மாட்டான். ஒருத்தன் முன்னாலயே முடியலயே."

போனில் பேசிய அன்று இன்னொன்றும் சொன்னார். மகள் விடாமல் அழுது, நவாஸ் வாப்பா என்னதான் சொன்னார் என்று குடைந்தபோது, அந்த வார்த்தையைத் தூக்கி என் மேல் போட்டுவிட்டாராம். "அவ உசுரா நெனச்ச பையன் சொன்னான்னு எப்படிச் சொல்ல? உங்க வாயில வச்சுட்டேன் காக்கா, பொறுத்துக்குங்க" என்றார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். நாவலில் அத்தனை பக்கம் புரட்டி, நீ தேடிப் பிடித்து, சிவப்புப் பேனாவால் கோடு போட்டு, ஊருக்கெல்லாம் காட்டி வெட்கப்பட்ட அந்த ஒரே வரி உன்னுடையது.

இதை இப்போது ஏன் சொல்கிறேன்? பெருந்தன்மை என்று நினைக்காதே. கோபத்தில்தான் சொல்கிறேன். நான் கை வைத்துச் சொன்ன பேச்சில் என் பங்கை உடைக்கிறேன். அவர் மகளுக்குச் சொல்வது அவர் பங்கு. அவர் கையை எடுக்காமலே போய்விட்டார், அதை நான் தொட மாட்டேன். இனி அது உன்னுடைய பாடு. ஹாவாவிடம் சொன்னால், அவள் தாய் அவளிடம் பொய் சொன்னதையும் சொல்ல வேண்டும், நீ சிரித்ததையும் சொல்ல வேண்டும், அவள் எழுதியது எதன் மேல் நிற்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், அவள் பக்கத்தில் படுத்து எழுந்து, அந்தப் புத்தகம் இருக்கிற அலமாரியை தினமும் கடந்து போக வேண்டும். எது நல்லது என்று என்னைக் கேட்காதே. என்னை நீ எதுவும் கேட்டதில்லை.

நிக்காஹ்வுக்கு நான் வருகிறேன். உன் உம்மா அந்தப் பிள்ளைக்குப் பட்டு எடுத்துவிட்டாள், கடையிலிருந்து எடுக்கக் கூடாது என்று வெளியில் போய் எடுத்தாள். பழைய தட்டு அவளுக்கு ஞாபகம் வந்திருக்கிறது போல. நான் நீ கேட்டபடியே செய்கிறேன். எல்லோரும் இருக்கும்போது, ஹாவாவின் முன்னால் நின்று, அந்த வார்த்தைக்காக மன்னிப்புக் கேட்கிறேன். ஆங்கிலத்தில் கேட்கச் சொன்னாலும் கேட்கிறேன், பழகி வைத்திருக்கிறேன். அவள் என் வாயில் தங்கப்பல்லைத் தேடினால் தேடட்டும்.

நீ என் பக்கத்தில் வந்து நில். தூரத்தில் நிற்காதே. மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்வாள், நல்ல தாய்க்குப் பிறந்தவள். அவள் அதைச் சொல்லும்போது, அந்த மன்னிப்பை நீ வாங்கிக்கொள்.

உன் வாப்பா